சங்கத்து நோட்டு யார் வீட்டில் இருக்கிறது?

ஊரில் சங்கம் என்று சொல்லும் ஒரு மகளிர் சுய உதவிக் குழு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, அது வங்கியில் எத்தனை லட்சம் வாங்கியிருக்கிறது என்று விசாரித்துப் பயனில்லை. கூட்டத்தில் கடைசியாக, சுவரோரம் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் மூன்று கேள்வி கேட்டால் போதும். உங்கள் சேமிப்பு இதுவரை எவ்வளவு ஆகியிருக்கிறது? யார் யாரிடம் சங்கத்துக் கடன் நிலுவையில் இருக்கிறது? நோட்டு யார் வீட்டில் இருக்கிறது? மூன்றுக்கும் அவர் தயங்காமல் பதில் சொன்னால் குழு உயிரோடு இருக்கிறது. குழுவுக்குத் தலைமை தாங்கும் ஊக்குநரைக் காட்டி, "அதெல்லாம் ஊக்குநர் அக்காவுக்குத்தான் தெரியும்" என்றால், உள்ளே ஏதோ உளுத்துப்போகத் தொடங்கிவிட்டது.

தமிழ்நாட்டில் இந்த முறை அரசுத் திட்டமாக வந்தது 1989-ல், தருமபுரி மாவட்டத்தில். சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, 1983-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் அதை நடத்தியது. சேலம், தென்னாற்காடு, மதுரை, இராமநாதபுரம் என்று விரிந்து, 1997-98 முதல் மகளிர் திட்டம் என்ற பெயரில் படிப்படியாக எல்லா மாவட்டங்களுக்கும் போனது. இடையில் 1992-ல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கும் சோதனையைத் தொடங்கியது. இன்று அது சாதாரணமாகத் தெரிகிறது. அன்றைக்கு அது பெரிய காரியம். பட்டா இல்லை, நகை இல்லை, ஜாமீன்தாரர் இல்லை, எங்கும் பதிவு செய்யாத பதினைந்து பெண்கள். அவர்கள் பெயரில் கணக்குத் திறந்து கடன் கொடு என்று வங்கி மேலாளரிடம் சொன்னார்கள். எதை நம்பிக் கொடுப்பது? அவர்கள் ஆறு மாதமாக எழுதி வைத்திருந்த நோட்டை நம்பித்தான்.

அதே காலத்தில், 1990-ல், மதுரைப் பக்கம் பெண்களின் சேமிப்பு-கடன் குழுக்களைக் கொண்ட களஞ்சியம் இயக்கம் தொடங்கியது. அதில் முன்னே நின்ற பில்லுச்சேரி சின்னப்பிள்ளை விவசாயக் கூலி. எழுதப் படிக்கத் தெரியாதவர். 2001-ல் ஸ்திரீ சக்தி விருது வழங்கிய மேடையில் பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கியது பலருக்கும் நினைவிருக்கும். 2019-ல் பத்மஸ்ரீயும் வந்தது. புதுக்கோட்டையில் 1991-ல் நடந்த அறிவொளி இயக்கத்தையும் இங்கே சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அங்கே கல்குவாரிக் கூலிப் பெண்கள் எழுத்துக் கற்றார்கள், சைக்கிள் கற்றார்கள், குவாரியைத் தாங்களே குத்தகைக்கும் எடுத்தார்கள். எழுத்து, நடமாட்டம், பிழைப்பு மூன்றும் சேர்ந்து கைக்கு வந்ததால்தான் அந்த மாவட்டத்துக் கதை இன்றும் பேசப்படுகிறது. வெறும் கையெழுத்து மட்டும் கற்றுக்கொடுத்திருந்தால், கந்துவட்டிக்காரரின் வெற்றுத் தாளில் கைநாட்டுக்குப் பதில் கையெழுத்து விழுந்திருக்கும்.

கந்துவட்டியின் கணக்கைப் பார்த்தால்தான் குழுவின் மதிப்பு புரியும். பத்து வட்டிக்கு 5,000 ரூபாய் வாங்கியவர் மாதம் 500 கட்டுகிறார். பத்து மாதத்தில் 5,000 கட்டியாகிவிட்டது. அசல் அப்படியே நிற்கிறது. தண்டல் இன்னும் நைசாக வேலை செய்யும். 10,000 என்று பேச்சு, கையில் வருவது 8,500, தினம் 100 வீதம் நூறு நாள். தினம் நூறுதானே என்று தோன்றும். அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துப் பார்த்தால் வட்டி ஆண்டுக்கு நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். குழுவில் அதே 5,000-ஐ ரெண்டு வட்டிக்கு வாங்கி, மாதம் 500 அசலும், நிலுவைக்கு மட்டும் வட்டியும் கட்டினால் முதல் மாதம் வட்டி 100, அடுத்த மாதம் 90, பிறகு 80. பத்து மாதத்தில் மொத்த வட்டி 550 ரூபாய். அந்த 550-ம் எங்கும் போய்விடவில்லை. அவருக்கும் பங்குள்ள சங்கத்தில்தான் கிடக்கிறது.

இங்கே ஒரு தவறு ஓசையில்லாமல் நுழையும். சில குழுக்களில் "மாதம் நூறு வட்டி" என்று கடைசித் தவணை வரை முழு அசலுக்கே வட்டி வாங்குவார்கள். அப்போது அதே கடனுக்கு வட்டி 1,000 ஆகிறது. யாரும் ஏமாற்ற நினைத்துச் செய்வதில்லை, கணக்குச் சுலபமாக இருக்கிறது என்று செய்வதுதான். ஆனால் அதிகம் கடன் வாங்குபவர் குழுவிலேயே அதிகம் ஏழையாக இருப்பவர். அவரிடமிருந்து கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வட்டி வாங்கி, கடனே வாங்காமல் இருக்கும் வசதியுள்ளவருக்கும் பங்கு வைக்கிறோம் என்பது அப்போது யாருக்கும் உறைப்பதில்லை.

கூட்டமும் நோட்டும்

குழுவில் பொதுவாக 12 முதல் 20 பேர். இருபதைத் தாண்டக் கூடாது. மாற்றுத்திறனாளிகளுக்கு ஐந்து பேர் இருந்தாலே குழு அமைக்கலாம். நல்ல குழு தானாகத் திரண்டதாக இருக்கும்: ஒரே தெரு, ஒரே களத்துமேட்டு வேலை, ஒருவர் கஷ்டம் மற்றவருக்குத் தெரிந்தவர்கள். இலக்கு முடிக்க வேண்டுமென்று ஆதார் நகலைச் சேகரித்துக் கட்டிய குழு முதல் கடனோடு கலைந்துவிடும்.

பயிற்சிகளில் பஞ்ச சூத்திரம் என்று ஐந்தைச் சொல்வார்கள்: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, தவறாத உள்கடன் (சங்கத்துப் பணத்திலிருந்து உறுப்பினருக்குக் கொடுப்பது), தவறாத திருப்பிச் செலுத்தல், அன்றன்றைக்கு எழுதிய கணக்கு. ஐந்தும் சமம் என்றே கற்பிக்கிறார்கள். அனுபவத்தில் கடைசியில் சொல்லப்படும் கணக்குத்தான் மற்ற நான்கையும் தாங்கி நிற்கிறது. அது விழுந்தால் மற்றவை சில மாதங்களில் விழுந்துவிடும்.

ஒரு கூட்டத்தின் ரொக்கப் புத்தகத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். பதினைந்து பேர் குழு, மாதச் சேமிப்பு தலைக்கு 100. போன கூட்டத்தின் கையிருப்பு 340. இன்று வந்த பதினான்கு பேரின் சேமிப்பு 1,400. உள்கடன் அசல் திரும்பியது 3,200. வட்டி 610. தாமதமாக வந்த ஒருவரின் அபராதம் 10. ஆக வரவு 5,560. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஒருவருக்குப் புதுக் கடன் 5,000. கையிருப்பு 560. இதை எழுதி முடித்ததும் பணப்பெட்டியைக் கவிழ்த்து, எல்லோர் முன்னாலும் எண்ண வேண்டும். ஐந்நூற்று அறுபது இருந்தால் கூட்டம் முடிந்தது. ஐந்நூற்றுப் பத்து இருந்தால் முடியவில்லை. குறையும் ஐம்பதைக் கண்டுபிடிக்கும்வரை யாரும் எழுந்து போகக் கூடாது. அன்றே தேடினால் எழுதாமல் விட்ட சில்லறைச் செலவோ, பணம் கைக்கு வராமலே வரவில் ஏறிய தொகையோ கிடைத்துவிடும். வீட்டுக்குப் போய் நிதானமாக எழுதிக்கொள்ளலாம் என்று நோட்டை மூடுகிற அன்றுதான் சங்கத்துக்கு முதல் ஓட்டை விழுகிறது.

பதிவேடுகள் அதிகம் வேண்டியதில்லை. வருகையும் தீர்மானமும் ஒரு நோட்டு, ரொக்கப் புத்தகம் ஒன்று, உறுப்பினர் வாரியான சேமிப்பு-கடன் பேரேடு ஒன்று, ஒவ்வொருவர் கையிலும் தனிநபர் பாஸ் புத்தகம். இவற்றில் எதை விட்டாலும் பாஸ் புத்தகத்தை விடக் கூடாது. மற்ற நோட்டெல்லாம் ஒருவர் வீட்டில் இருக்கும். பாஸ் புத்தகம் பதினைந்து வீட்டில் இருக்கும். எழுதத் தெரியாதவர் என்ன செய்வார் என்று கேட்கலாம். அவருக்குத் தொகை தெரியும், ஒவ்வொரு ரூபாயும் தெரியும். கூட்டத்தில் நோட்டை உரக்கப் படித்தால் தன் பெயர் வரும்போது தப்பைச் சட்டென்று பிடித்துவிடுவார். அதனால்தான் எழுதுவதைப் போலவே வாசிப்பதும் கட்டாயம். படித்த பிள்ளை ஒருவரைக் கணக்கெழுத வைத்தால் அவருக்கு ஒரு தொகை சன்மானமாகத் தீர்மானத்தில் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. ஓசியில் எழுதுபவரைத் தப்புக் கேட்க முடியாது.

வங்கியில் கணக்குத் திறக்கும்போது பொறுப்பாளர்களின் அடையாள ஆவணம் போதும். எல்லா உறுப்பினரின் ஆவணமும் வேண்டும் என்று திருப்பி அனுப்புவது விதிக்குப் புறம்பானது. கடன் இணைப்பின்போது உறுப்பினர்களின் ஆவணங்களைப் பார்க்கலாம். ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள் என்று மூவரில் இருவர் கையெழுத்தில் பணம் எடுக்கும்படி வைப்பார்கள். இதில் வழக்கமான கோளாறு, முன்கூட்டியே கையெழுத்துப் போட்ட பணம் எடுக்கும் சீட்டுகளை ஊக்குநரிடம் கொடுத்து வைப்பது. பிரதிநிதிக்கு அன்றைய கூலி போகக் கூடாதே என்ற நல்ல எண்ணத்தில் தொடங்குவதுதான். பஸ் காசும் பாதிக் கூலியும் சங்கத்திலிருந்து கொடுத்து இருவரையும் அனுப்புவது, பின்னால் வரும் நஷ்டத்தைப் பார்த்தால் மிக மலிவு. பொறுப்பை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதும் அப்படித்தான். "நீயே இரும்மா, உனக்குத்தான் பேசத் தெரியும்" என்று எல்லோரும் அன்பாகச் சொல்வார்கள். அந்த அன்புக்கு இணங்கினால் பத்து ஆண்டு கழித்தும் பேசத் தெரிந்தவர் ஒருவராகவே இருப்பார்.

லட்சங்கள் வரும்போது

தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் 2011-ல் தொடங்கியபின் கடன் விதிகள் குழுக்களுக்குச் சாதகமாகவே மாறியிருக்கின்றன. ஆறு மாதம் ஒழுங்காக நடந்து, தர மதிப்பீட்டில் தேறிய குழுவுக்கு முதல் கடன் அதன் தொகுப்பு நிதியைப் (சேமிப்பு, வட்டி வரவு, சுழல் நிதி எல்லாம் சேர்ந்தது) போல ஆறு மடங்கு அல்லது குறைந்தது 1.5 லட்சம், இரண்டில் எது அதிகமோ அது. 10 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது, மார்ஜின் (குழு தன் பங்காகப் போடும் பணம்) கேட்கக் கூடாது, குழுவின் சேமிப்புக் கணக்கை முடக்கி வைக்கவும் கூடாது. 2021-ல் பிணையில்லாக் கடன் வரம்பு 20 லட்சமாக உயர்ந்தது. 3 லட்சம் வரையிலான கடன் 7 சதவீத வட்டியில் கிடைக்கிறது. சேமிப்பை எடுக்கவிடாமல் வாய்மொழியாகத் தடுக்கும் கிளைகள் உண்டு. அப்படி நேர்ந்தால் தீர்மான நகலோடு எழுத்தில் கேட்க வேண்டும். பதிலும் எழுத்தில் வேண்டும் என்றதுமே பல இடங்களில் விஷயம் முடிந்துவிடும்.

பணம் வந்த நாளில்தான் சோதனை. பெரும்பாலான குழுக்கள் செய்வது சமமாகப் பிரிப்பது. 3 லட்சம், பதினைந்து பேர், தலைக்கு 20,000. சண்டையில்லை, நியாயமாகவும் தெரிகிறது. ஆனால் மாடு வாங்க நினைத்தவருக்கு 20,000 பத்தாது. மீதிக்கு அவர் வெளியே வட்டிக்குப் போவார். கடனே தேவையில்லாதவர் தன் இருபதாயிரத்தைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கூடுதல் வட்டிக்குக் கொடுப்பார், அல்லது தன் பெயரில் வேறொருவரை எடுத்துக்கொள்ளச் சொல்வார். இந்த இரண்டாவது வகைதான் குழுக்களை அதிகம் உடைத்திருக்கிறது. எடுத்தவர் கட்டாவிட்டால் பெயருக்கு உரியவர் "நான் வாங்கவே இல்லையே" என்பார், எடுத்தவர் "என் பெயரில் கடனே இல்லையே" என்பார், இரண்டும் உண்மையாக இருக்கும், சங்கத்தால் யாரையும் கேட்க முடியாது.

இதற்காகத்தான் கடனுக்கு முன்னே நுண்கடன் திட்டம் எழுதச் சொல்கிறார்கள். அதை வங்கிக்கான படிவமாக ஒரே கையெழுத்தில் நிரப்பிவிடாமல், ஒவ்வொரு வீட்டுக்கும் உட்கார்ந்து எழுத வேண்டும். வெளியே இருக்கும் கடன் எவ்வளவு, எந்த மாதம் கையில் காசு புரளும், எந்த மாதம் வறட்சி, எதற்குக் கடன், எதிலிருந்து திருப்புவது. பாதிப் பேருக்கு முதல் தேவை பழைய கந்துவட்டியை அடைப்பதாக இருக்கும். அதைத் தொழில் என்று பொய்யாக எழுதாமல் கடன் அடைப்பு என்றே எழுதலாம். பத்து வட்டியிலிருந்து ஒரு வட்டிக்கு மாறுவதைவிட லாபமான தொழில் கூலிக் குடும்பத்துக்கு வேறு இல்லை.

தொழிலுக்கு என்று கொடுக்கும்போது தவணை அந்தத் தொழிலின் மூச்சுக்கு ஒத்துப்போக வேண்டும். ஆடு ஐந்து மாதம் சினை; குட்டி விற்பனைக்கு வர இன்னும் ஆறு, ஏழு மாதம். அதாவது வாங்கிய ஓராண்டு வரை ஆட்டிலிருந்து ஒரு பைசா வராது. அதற்கு முதல் மாதத்திலிருந்தே தவணை போட்டால் அவர் கூலியிலிருந்துதான் கட்டுவார். கூலி இல்லாத மாதம் வந்தால் தாயாட்டை விற்றுக் கட்டுவார். முதல் ஓராண்டு வட்டி மட்டும், பிறகு குட்டி விற்கும்போது பெரிய தவணை என்று சங்கத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். வங்கித் தவணையை அந்த மாதங்களில் மற்றவர்களின் திருப்பத்திலிருந்து சமாளிக்கலாம். கறவை மாட்டில் வேறு சிக்கல். வற்றிய மாதங்களிலும் தீவனச் செலவு ஓடும். ஒரே மாட்டுக்குக் கடன் கொடுப்பதைவிட, ஆறு மாத இடைவெளியில் இரண்டாவது மாடு வாங்கும்படி கடனை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தால் ஏதாவது ஒன்று கறந்துகொண்டே இருக்கும். காப்பீடு செய்து, காதில் போட்ட வில்லை விழுந்துவிட்டால் உடனே மறு வில்லை போட வேண்டும். வில்லை இல்லாத மாட்டுக்கு இழப்பீடு கேட்டு அலைந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

மனிதருக்கான காப்பீட்டையும் மறக்கிறோம். பிரதம மந்திரி ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 436 ரூபாய், சுரக்ஷா விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாய். இரண்டும் தலா 2 லட்சத்துக்கு. கடன் வாங்கிய பெண் இறந்துவிட்டால் பெரும்பாலும் அவர் பிள்ளைகளிடம் போய்ச் சங்கம் நிற்கிறது. சேமிப்புக் கணக்கில் தானாகப் பிடிக்கும்படி எழுதிக் கொடுத்து, ஒவ்வொரு மே மாதக் கடைசியிலும் கணக்கில் பணம் இருக்கும்படி கூட்டத்தில் நினைவூட்டினால் போதும்.

தனியார் நுண்கடன் நிறுவனங்களின் கூட்டுப் பொறுப்புக் குழுவையும் சங்கத்தையும் ஒன்றாக நினைக்கிற குழப்பம் ஊரில் நிறைய. அங்கே சேமிப்பு இல்லை, பொது நிதி இல்லை, வட்டி முழுவதும் வெளியே போகிறது; ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டியாக வேண்டும். 2010-ல் ஆந்திராவில் அந்த முறை கடன் நெருக்கடியிலும் தற்கொலைகளிலும் கொண்டுபோய் விட்டதைப் பார்த்தோம். ஒரு குடும்பத்தின் மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து அதன் வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் விதி செய்தது. ஒரே பெண் ஐந்து இடத்தில் கையெழுத்துப் போடும் தெருக்களில் அந்த விதி இன்னும் எட்டவில்லை. சங்கத்தின் நுண்கடன் திட்டத்தில் வெளிக்கடனை மறைக்காமல் எழுத வைப்பது இதற்கும் சேர்த்துத்தான்.

வாசலில் நிற்பவர்கள்

குழுவுக்குள் வராதவர் யார் என்று பார்த்தால் மனம் கனக்கும். தனித்து வாழும் முதியவர், கணவர் விட்டுப்போனவர், பொங்கல் கழிந்ததும் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போகிறவர். மாதச் சந்தா தவறினால் அபராதம், மூன்று தவறினால் நீக்கம் என்ற விதி ஒழுங்குக்காக எழுதியதுதான். அது சலித்து வெளியே தள்ளுவது இவர்களைத்தான். வழி இருக்கிறது. சந்தாவை மாதம் 100 என்று வைக்காமல் வாரம் 25 என்று வைத்தால் வாரக் கூலிக்காரருக்கு எளிது. ஊரைவிட்டுப் போகும் மாதங்களுக்கு அபராதமில்லாத விடுப்பு என்று தீர்மானம் போடலாம். 2005-ல் தொடங்கிய புது வாழ்வுத் திட்டத்தில் மக்கள் நிலை ஆய்வு என்று ஒன்று செய்தார்கள். ஊர் மக்களே தெருவில் உட்கார்ந்து வரைபடம் போட்டு, எந்த வீடு மிகவும் ஏழை என்று தாங்களே பிரித்து, கிராம சபையில் ஒப்புதல் வாங்கினார்கள். அலுவலகத்துப் பட்டியலில் விட்டுப்போன பெயர்கள் அதில் வந்தன. குழு தொடங்கும் முன் இன்றும் அதைச் செய்யலாம். ஒரு பகல் பொழுது போதும். காலனிப் பெண்களும் ஊர்த்தெருப் பெண்களும் வெவ்வேறு குழுக்களாகவே இருக்கும் ஊர்களில், ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக் கூட்டம் எந்தத் தெருவில் நடக்கிறது, அங்கே யார் நாற்காலியில், யார் தரையில் என்பதையும் கவனிக்க வேண்டும். கூட்டத்தை மாதம் ஒரு தெருவில் மாற்றி மாற்றி வைக்கும் சாதாரண முடிவு சில இடங்களில் பெரிய பயிற்சிகளைவிட அதிகம் சாதித்திருக்கிறது.

முடங்கிப்போன குழுவை எழுப்ப முடியுமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. முடியும், புதிதாகக் கட்டுவதைவிடப் பலமுறை எளிது. முதலில் எல்லோருடைய பாஸ் புத்தகத்தையும் வாங்கி, சேமிப்பைக் கூட்ட வேண்டும். வங்கியில் தொடக்கம் முதலான கணக்கு விவரத்தைக் கேட்டு வாங்க வேண்டும். பதினைந்து பேர் மூன்று ஆண்டு கட்டிய சேமிப்பு 54,000, வட்டி வரவு 8,600, அரசு தந்த சுழல் நிதி 15,000 என்றால் மொத்தம் 77,600. செலவு 1,600 போக 76,000 எங்காவது இருந்தாக வேண்டும். வங்கியில் 21,000, உறுப்பினர்களிடம் கடனாக 48,000, பெட்டியில் 500 என்று 69,500-க்குத்தான் கணக்கு வருகிறது. இடிக்கும் 6,500-ஐத் திருட்டு என்று தொடங்கினால் கூட்டம் அங்கேயே கலைந்துவிடும். பெரும்பாலும் அது எழுதாமல் விட்ட பஸ் செலவு, வங்கிப் பிடித்தம், ஒருவருக்குக் கொடுத்துப் பேரேட்டில் ஏறாத கடன், பொறுப்பாளர் கைமாற்றாக எடுத்துத் திருப்ப மறந்தது என்று நாலாகப் பிரியும். ஒவ்வொன்றையும் எல்லோர் முன்னும் பேசி, கண்டுபிடிக்க முடிந்ததை உரியவர் பெயரில் கடனாகவும், முடியாததைச் சங்கத்தின் இழப்பாகவும் தீர்மானம் எழுதி, எல்லோரும் கையெழுத்து, கைநாட்டு வைக்க வேண்டும். பிறகு புது நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் அன்றைய தேதியில் தொடக்க இருப்பை எழுதி, அந்தக் கூட்டத்திலேயே ஆளுக்கு 25 ரூபாய் சேமிப்பு வாங்கி, சின்னதாக ஓர் உள்கடனும் கொடுத்துவிட வேண்டும். பணப்பெட்டி ஒருவர் வீட்டுக்கும், சாவி இன்னொருவர் வீட்டுக்கும், நோட்டு மூன்றாமவர் வீட்டுக்கும் போகட்டும்.